ஒரே தமிழ், இரண்டு பேப்பர்: கிழக்கில் ஒரு செய்தி பகையாக மாறும் விதம்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் கட்டி ஒன்று கிடப்பதைக் கண்டார். ஆட்கள் கூடினார்கள். காசு மேசையில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேட்டார்கள்: கருத்தடை மருந்து போட்டாயா? அவருடைய தாய்மொழி தமிழ். சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும். மாவுக் கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தார். அடி விழும் என்ற பயம் வேறு. ஓம், போட்டது என்கிற மாதிரி ஒன்றிரண்டு சொல் சொன்னார். அதைக் கைத்தொலைபேசியில் பிடித்துப் பரப்பினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று முடிவு வந்தது. அதற்குள் கண்டியில் திகனவில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்து முடிந்திருந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்க வேண்டி வந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

இது பெரும்பான்மைக்கும் சிறுபான்மைக்கும் இடையில் நடந்த கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே கதை தமிழ்த் தொலைபேசிகளுக்கும் வந்தது. அந்தக் காணொளியில் சிக்கியிருந்தவர் சிங்களம் தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரு தமிழ் பேசும் மனிதர். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்படுகிறது என்றே விளங்காமல் கையெழுத்து வைத்த அனுபவம் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு உண்டு. அந்தக் காசாளரின் இடத்தில் தன் அண்ணனையோ அப்பாவையோ வைத்துப் பார்த்திருக்க வேண்டிய தமிழர் பலரின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது ஒரு முஸ்லிம் கடை. “அவங்கள் செய்யக்கூடிய ஆக்கள்தான்” என்ற சொல் எளிதாக வாயில் வந்தது. அந்தச் சொல் அன்று இரவு பிறக்கவில்லை. பல வருடங்களாகச் சின்னச் சின்னத் தலைப்புகளிலும் படங்களிலும் படிந்து வந்தது.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். தமிழர் ஒரு காணிக்காக, ஒரு பிரதேச செயலகத்துக்காக, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வீதிக்கு வந்தால், “புலி திரும்ப வருது” என்ற எண்ணம் முஸ்லிம் ஊர்களில் உடனே எழும். அதற்கும் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்தக் காயம் உண்மை. ஆனால் காயத்தின் நினைவு வேறு. எந்தத் தமிழரைக் கண்டாலும் அந்தத் துப்பாக்கியைக் காண்பது வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றிக்கொடுக்கும் வேலையைத்தான் ஊடகம் செய்கிறது.

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அங்கே ஒரு முஸ்லிம் தன்னைத் தமிழர் என்றும் சொல்வார், முஸ்லிம் என்றும் சொல்வார். இலங்கையில் அப்படியல்ல. குடிசன மதிப்பீட்டிலேயே சோனகர் தனி இனம். வீட்டில் பேசுவது தமிழ், இனத்தால் முஸ்லிம். 2012 கணக்குப்படி கிழக்கு மாகாணத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர் தமிழர், 37 பேர் முஸ்லிம்கள், 23 பேர் சிங்களவர். ஊர்கள் பின்னிக் கிடக்கின்றன: காத்தான்குடிக்குப் பக்கத்தில் ஆரையம்பதி, சாய்ந்தமருதுக்குப் பக்கத்தில் காரைதீவு, மருதமுனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு. தாய்வழிக் குடி முறை இரண்டு பக்கமும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் இரண்டு பக்கமும் கலியாணம். வயல் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை இருவருக்கும் ஒருவர்தான். பேப்பர் மட்டும் வேறு வேறு. வீரகேசரியும் விடிவெள்ளியும் ஒரே நிறுவனத்திலிருந்தே வருகின்றன. எழுத்தும் ஒன்று, மொழியும் ஒன்று. ஆனாலும் ஆரையம்பதி வீட்டுத் திண்ணையில் கிடக்கும் பேப்பரும் காத்தான்குடித் தேநீர்க் கடையில் கிடக்கும் பேப்பரும் அநேகமாக ஒன்றல்ல. அதனால் தன்னைப் பற்றி அடுத்தவன் பேப்பரில் வந்த பிழை மட்டுமே ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. தன் பேப்பர் அடுத்தவனுக்குச் செய்யும் அநியாயம் கண்ணில் படுவதே இல்லை. செய்தியில் வரும் பகையைத் திருத்தும் வேலையில் நிறையப் பேர் சறுக்கும் முதல் இடமும் இதுதான். எதைச் செய்வதானாலும் தன் பக்கத்துப் பேப்பரை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

ஊர்ப் பெயரே இனப்பெயர்

வெளியூர்ப் பயிற்சியாளர்கள் வந்து, “குற்றச் செய்தியில் இனத்தைக் குறிப்பிடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல விதிதான். இலங்கைப் பத்திரிகை ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவையும் இதையே சொல்கிறது. ஆனால் கிழக்கில் இது பாதி வேலைகூடச் செய்யாது. “காத்தான்குடியைச் சேர்ந்த 32 வயதுடையவர்” என்று எழுதிவிட்டால் முஸ்லிம் என்று எழுதத் தேவையில்லை. “பாண்டிருப்பைச் சேர்ந்தவர்” என்றால் தமிழர். விதியைக் கடைப்பிடித்துவிட்டோம் என்று செய்திமேசையில் இருப்பவர் நிம்மதியாக இருப்பார். வாசகர் முதல் வரியிலேயே இனத்தை வாசித்து முடித்திருப்பார்.

சரியான வழி, சம்பவம் நடந்த இடத்தையும் ஆளின் சொந்த ஊரையும் பிரித்துப் பார்ப்பது. நடந்த இடம் செய்திக்குத் தேவை. எந்தச் சந்தியில் விபத்து, எந்தக் கடற்கரையில் போதைப்பொருள் பிடிபட்டது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். ஆளின் சொந்த ஊர் அநேகமாகத் தேவையில்லை. பொலிஸ் ஊடக அறிக்கையில் இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே இறக்கிவிடுகிறோம். கைதான இடமும் நீதிமன்றத்தின் பெயரும் போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இனம்தான் செய்தி என்றால் அதை மறைப்பது பெரிய பொய். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி இறுதி வரை முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் மையித்துகளை அடக்கம் செய்ய முடியாமல் தவித்தன. அதை “சில குடும்பங்கள் அதிருப்தி” என்று எழுதியது நடுநிலை அல்ல. அங்கே முஸ்லிம் என்ற சொல் தலைப்பில் இருந்தாக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் இந்த இனத்தவராக இல்லாவிட்டால் இந்தச் சம்பவம் நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் இனம் வேண்டாம். நடந்திருக்காது என்றால் கட்டாயம் வேண்டும்.

ஒரு தலைப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்

பயிற்சிக்காக உருவாக்கிய ஒரு மாதிரித் தலைப்பு இது: “முஸ்லிம் வர்த்தகரின் காணி மோசடி: தமிழ்க் குடும்பம் நடுத்தெருவில்.” இந்த வார்ப்பில் வரும் தலைப்புகளைக் கிழக்கு வாசகர் எல்லோரும் கண்டிருப்பார்கள். இதில் நான்கு வேலை நடக்கிறது. ஒருவருடைய குற்றம் ஒரு இனத்தின் தொழிலாகிறது. ஒரு குடும்பத்தின் இழப்பு ஒரு இனத்தின் இழப்பாகிறது. “வர்த்தகர்” என்ற சொல், முஸ்லிம் என்றால் யாவாரப் புத்தி என்ற பழைய எண்ணத்தைத் தட்டி எழுப்புகிறது. வழக்கு முடியாமலே மோசடி என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. வாசகருக்குப் பயன்படக்கூடிய எதுவும் அந்தத் தலைப்பில் இல்லை. போலி உறுதி (காணிப் பத்திரம்) எப்படி முடிக்கப்பட்டது? உறுதி எழுதும் நொத்தாரிசு யார் முன்னிலையில் கையெழுத்து வாங்கினார்? காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்திருந்தால் அதே காணிக்கு முந்திய உறுதி இருப்பது தெரிந்திருக்குமே, ஏன் பார்க்கவில்லை? இதை எழுதினால் அடுத்த வாரம் காணி வாங்கப் போகும் தமிழரும் முஸ்லிமும் தப்புவார்கள். “ஒரே காணிக்கு இரண்டு உறுதி: ஒருவர் கைது, நொத்தாரிசிடம் விசாரணை” என்று போட்டால் செய்தி குறைந்துபோவதில்லை. இனப்பெயர் வந்து உட்கார்ந்ததும் துப்பறியும் வேலை நின்றுவிடுகிறது. குற்றவாளி கிடைத்துவிட்டான், இனி என்ன விசாரணை என்று மேசையும் வாசகரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தலைப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். பிரதேச நிருபர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்குத்தான் பணம். பத்துச் செய்தி அனுப்பினால் எது வரும் என்று அவருக்குத் தெரியும். இன வாடை உள்ளது நிச்சயம் வரும். வாய்க்கால் உடைந்தது வராது. கொழும்பு மேசையில் தலைப்புப் போடுபவர் அந்த ஊரைக் கண்டிருக்க மாட்டார். நிருபர் “ஒருவர்” என்று எழுதி அனுப்பியதைத் தலைப்பில் “முஸ்லிம் வர்த்தகர்” ஆக்குபவர் பல வேளைகளில் வேறு ஆள். ஆகவே நிருபரைப் பிடித்துத் திட்டுவதால் பயனில்லை. அவர் அனுப்பிய மூலப்பிரதியைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மாற்றம் எங்கே நடந்தது என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும்.

எண்ணிப் பார்த்தல்

“நம்முடைய பேப்பர் அப்படியெல்லாம் எழுதுவதில்லை” என்று சொல்பவர்களிடம் வாதாடுவது வீண். எண்ணச் சொல்ல வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை, பழைய பேப்பர். நாளிதழ் என்றால் நாலு வாரத்து 28 இதழ், வார இதழ் என்றால் பன்னிரண்டு வாரத்து 12. முன்பக்கம், கடைசிப் பக்கம், கிழக்குச் செய்திகள் வரும் உட்பக்கம் மட்டும் போதும். முழுப் பேப்பரையும் எண்ணத் தொடங்கினால் மூன்றாம் நாளே அலுத்துவிடும்.

அடுத்த சமூகத்தைப் பற்றி வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஐந்து கூடு: திகதியும் பக்கமும்; செய்தி எதைப் பற்றியது (குற்றம், காணி, அரசியல், விபத்து, கல்வி, விளையாட்டு, விவசாயம், கலை); இனப்பெயர் எங்கே வருகிறது, தலைப்பிலா முதல் பந்தியிலா உள்ளேயா; அந்தச் சமூகத்தவர் ஒருவராவது தன் வாயால் பேசுகிறாரா; படம் என்ன. ஊர்ப் பெயரால் மட்டும் இனம் தெரிந்தால் “ஊ” என்று போட வேண்டும். இந்த ஒரு எழுத்துதான் கடைசியில் அதிகம் பேசும்.

எண்ணுவது இரண்டு பேர், ஒரு தமிழர், ஒரு முஸ்லிம். தனித்தனியாக எண்ணி, முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒப்பிட வேண்டும். கணக்கு ஒத்துப்போகாத இடம் வரும். அதைப் பிழை என்று அழித்துவிடக் கூடாது. ஒருவருக்குச் சாதாரணமாகப் பட்ட சொல் மற்றவருக்கு முள்ளாகக் குத்தியிருக்கும். “முஸ்லிம்களின் ஆக்கிரமிப்பு” என்ற சொல்லைத் தமிழர் “காணி” என்ற கூட்டில் போட்டுவிட்டு நகர்வார். தமிழரைச் சாடும் “பாசிச மனோபாவம்” என்ற சொல்லை முஸ்லிம் “அரசியல்” என்று போட்டுவிட்டு நகர்வார். அங்கே நிறுத்திப் பேசுவதுதான் இந்த வேலையின் பாதிப் பலன்.

கெடும் இடங்களும் தெரிந்தவைதான். 2019இல் குண்டுகள் வெடித்த ஏப்ரல் 21ஐ ஒட்டிய வாரத்தையோ தேர்தல் வாரத்தையோ எடுத்தால் கணக்கு வீங்கும். அடுத்தவன் பேப்பரை முதலில் எண்ணினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும், கூட்டாளி மறுநாள் வரமாட்டார். நாற்பது செய்திக்குக் குறைவாகச் சேர்ந்தால் சதவீதம் போடக் கூடாது. “22இல் 15” என்று அப்படியே சொல்ல வேண்டும். சதவீதம் போட்டதும் அது ஏதோ பெரிய ஆய்வு மாதிரித் தோற்றம் கொடுத்து, ஆசிரியரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும்.

எண்ணி முடித்தவர்களை அதிகம் உறுத்துவது குற்றச் செய்திகளின் தொகை அல்ல. வெறுமையாகக் கிடக்கும் கூடுகள். விவசாயம், கல்வி, கலை என்ற பகுதிகளில் அடுத்த சமூகத்தைத் தேடிப் பார்த்தால் ஆள் இல்லை. அதே வெள்ளத்தில் அதே கண்டத்தில் (வயல் தொகுதியில்) வயல் அழிந்திருக்கும். தன் ஊர் விவசாயி மட்டும் பேசியிருப்பார். அடுத்த ஊர்க்காரர் பேப்பருக்குள் வருவது கைதாகும்போதும் ஆர்ப்பாட்டம் செய்யும்போதும் மட்டும் என்றால், வாசகர் மனதில் வேறென்ன உருவம் எழும்?

படம், சினிமா, பழமொழி

படத்தில் நடக்கும் அநியாயம் எழுத்தைவிடப் பெரிது. முஸ்லிம்களைப் பற்றி எந்தச் செய்தியானாலும், கறுப்பு அபாயா அணிந்த பெண்கள் முதுகு காட்டி நடக்கும் ஒரே கோப்புப் படம். பரீட்சைப் பெறுபேறானாலும் அதே படம்தான். முகம் இல்லாத கூட்டத்தோடு யாரும் உறவு கொண்டாட முடியாது. திருகோணமலையில் ஒரு இந்துப் பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகளின் அபாயா தொடர்பாக 2018இல் எழுந்த பிரச்சினையைப் பாருங்கள். அது ஆசிரியைகள், அதிபர், பெற்றார், கல்வித் திணைக்களம் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விடயம். முதுகுப் படங்களும் சுலோக அட்டைப் படங்களும் இரண்டு பக்கமும் பறந்து, தெருப் பிரச்சினையாக்கின. மேசைக்குச் சொல்லக்கூடியது எளிது: முகம் தெரியும், பெயர் தெரியும், சம்மதம் கேட்ட படங்களாக இரு சமூகத்திலிருந்தும் நாற்பது ஐம்பது எடுத்துக் கோப்பில் வைத்திருங்கள். ஆசிரியை, மீனவர், தையல்காரி, நெல் ஆலைக்காரர், பேருந்து நடத்துனர். அவசரத்தில் கைக்கு வருவது கோப்பில் இருப்பதுதான்.

தென்னிந்தியத் தமிழ் சினிமா இரண்டு சமூகமும் சேர்ந்து பார்ப்பது. அதில் முஸ்லிம் பாத்திரம் பல வருடங்களாக உயிர் கொடுக்கும் நண்பனாக வரும், இல்லாவிட்டால் குண்டு வைப்பவனாக வரும். நடுவில் கடன் கட்ட அலையும், பிள்ளையின் கணிதப் புள்ளிக்காகக் கவலைப்படும் ஒரு சாதாரண முஸ்லிம் அபூர்வம். அந்தப் படங்களை மட்டக்களப்பில் பார்க்கும் தமிழ்ப் பிள்ளை, பக்கத்து ஊர் முஸ்லிம் பிள்ளையின் வீட்டுக்குள் ஒருநாளும் போனதில்லை என்றால், படத்தில் கண்டதுதான் அவனுக்குத் தெரிந்த முஸ்லிம். போருக்குப் பிந்திய தலைமுறைக்கு இது இன்னும் பொருந்தும். பாடசாலை வேறு, ரியூசன் வேறு, விளையாட்டுக் கழகம் வேறு.

இங்கே ஒரு பழைய வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல” என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் ஆசிரியர் தலையங்கம் எழுதுகிறது. அழகான உவமைதான். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொல்வது, 1990இல் நடந்ததைப் பேசாமல் தாண்டிப்போகும் ஒரு பாலமாகிவிட்டது. “தொப்பி பிரட்டி” (சமயத்துக்கு ஏற்பப் பக்கம் மாறுபவன்) என்ற வசைச்சொல்லைத் தமிழர் பக்கத்தில் இன்றும் கேட்கலாம். 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் உருவாகி முஸ்லிம்கள் தனி அரசியல் வழியைத் தேர்ந்தது துரோகமாகவே இங்கே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அந்தச் சொல் வீட்டில் புழங்கிக்கொண்டிருக்க, மேடையில் பிட்டு பேசுவதை முஸ்லிம்கள் நம்புவதில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

ஓகஸ்ட் மாதத்துக் கலண்டர்

1990 ஓகஸ்ட் 3: காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஓகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையும் ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். அதே ஓகஸ்ட் 12இல் வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினர்மீது அந்தப் பழி இருக்கிறது. பத்து நாளுக்குள் இவ்வளவும். ஒவ்வொரு ஓகஸ்டிலும் காத்தான்குடி தன் சுஹதாக்களை (உயிர்த்தியாகிகளை) நினைவுகூர்கிறது, வீரமுனை தன்னுடையவர்களை நினைவுகூர்கிறது. ஒரு பக்கத்துச் செய்தியில் மறுபக்கத்து நாள் வருவதில்லை. வந்தாலும், “அவர்கள் செய்தது தெரியாதா” என்று பதில் சொல்வதற்காக மட்டும் வருகிறது.

செய்யக்கூடியது: செய்திமேசையின் வருடக் கலண்டரில் மூன்று இடத்தையும் எழுதுங்கள். தமிழ்ப் பேப்பர் ஓகஸ்ட் 3க்குக் காத்தான்குடிக்கு ஆள் அனுப்பட்டும். முஸ்லிம் வார இதழ் 12க்கு வீரமுனைக்கு அனுப்பட்டும். அன்று ஒப்பீடு வேண்டாம், “இருந்தாலும்” என்று தொடங்கும் வசனம் வேண்டாம். இழந்த குடும்பம் பேசுவதை எழுதினால் போதும். ஒரே கட்டுரையில் இரண்டையும் சமப்படுத்தி எழுதுவது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் அநேகமாகக் கெட்டுப்போகும். இரு வீட்டாரும் தங்கள் மரணத்தைத் தராசில் போட்டார்கள் என்றுதான் உணர்வார்கள்.

காணொளி வந்து சேரும் முதல் மணித்தியாலம்

2019 ஏப்ரல் 21 குண்டுகளில் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களில் தமிழர் ஏராளம். சீயோனில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அந்தத் துயரம் நியாயமானது. ஆனால் கோபம் போன திசையை வட்ஸ்அப் தீர்மானித்தது. முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் அழைப்புகள் கிழக்கிலும் வந்தன. குண்டு வைத்த குழுவின் தலைவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்பு முறையிட்டிருந்தார்கள் என்பதும், 2017இல் அதே ஊரில் சூபி முஸ்லிம்களோடு அவன் கூட்டம் மோதியது என்பதும், ஏப்ரல் 26இல் அந்தக் குழுவினர் ஒளிந்திருந்த சாய்ந்தமருது வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள் என்பதும் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஹசலகயில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்தியிருந்த சட்டையில் கப்பல் சுக்கான் சக்கரம் இருந்தது. அதைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லி அவரை வாரக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள். அப்படிப்பட்ட காலம் அது.

இப்படி ஒரு காணொளி வட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் உடனே “பொய்” என்று பதில் போடாதீர்கள். பொய் என்று காட்ட ஆதாரம் இல்லாமல் போட்டால், வாக்குவாதமாகி இன்னும் இருபது பேர் திறந்து பார்ப்பார்கள். முதலில் படத்தைப் பெரிதாக்கி எழுத்தைத் தேடுங்கள். கடைப் பலகையில் தொலைபேசி இலக்கம் இருந்தால் 065 மட்டக்களப்பு, 067 கல்முனைப் பக்கம், 063 அம்பாறை, 026 திருகோணமலை. பலகையில் சிங்களமே இல்லை, வங்காளமோ இந்தியோ இருக்கிறது என்றால் கதை முடிந்தது. வாகன இலக்கத் தகட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தகடு, கேரளத் தகடு உள்ள காணொளிகள் “நேற்று கல்முனையில்” என்று வந்திருக்கின்றன. காணொளியை நிறுத்தி இரண்டு மூன்று இடத்தில் திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷொட்), கூகுள் லென்ஸில் போட்டால் பழையது என்றால் அநேகமாக அகப்படும். ஒலியை மட்டும் தனியாகக் கேளுங்கள்: பேச்சு வழக்கு எந்த ஊருடையது? மட்டக்களப்பான் பேச்சையும் யாழ்ப்பாணத்தான் பேச்சையும் பிரிக்கத் தெரிந்த காதுக்கு இது கடினமில்லை.

காணொளி உண்மையாகவே அந்த இடத்தது, ஆனால் வெட்டப்பட்டது என்றால்தான் சிக்கல். அம்பாறைக் காசாளரின் காணொளி அந்த வகை. அதில் பொய்யான உருவம் எதுவும் இல்லை. கேட்டவனுக்கும் பதில் சொன்னவனுக்கும் பொது மொழி இல்லை என்பது மட்டும் மறைந்திருந்தது. அப்படியானதில் கேட்க வேண்டியது: கேள்வி முழுதாகக் கேட்கிறதா? பதில் சொல்பவர் அந்த மொழியில் ஒரு முழு வசனமாவது பேசுகிறாரா? அவரைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்? பதில் சொல்லாமல் வெளியே போக அவருக்கு வழி இருந்ததா?

பிறகு அந்த ஊரில் இருக்கும் ஒருவரை அழையுங்கள். இதற்கு இலக்கம் முன்பே இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்து ஊரிலும் இரண்டு பேர்: ஒருவர் கடைக்காரரோ முச்சக்கரவண்டி ஓட்டுநரோ, ஒருவர் ஆசிரியரோ தாதியோ. பள்ளிவாசல் தலைவரும் கோயில் தலைவரும் மட்டும் போதாது. அவர்களுக்குச் செய்தி பிந்தித்தான் வரும். வந்தாலும் பதவிக்காக அளந்து பேசுவார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை, பிரச்சினை இல்லாத நாளில், சும்மா நலம் விசாரித்து எடுங்கள். “காக்கா (அண்ணா), இஞ்ச ஒரு வீடியோ சுத்துது, உங்கட சந்தியா இது?” என்று கலவர நாளில் முதல் தடவையாகக் கேட்டால், அவர் பொலிஸ் கேட்கிற மாதிரித்தான் நினைப்பார்.

மறுப்பு எழுதும்போது வதந்தியைத் தலைப்பாக்கக் கூடாது. “கறியில் கருத்தடை மாத்திரை இல்லை” என்று எழுதினால் மனதில் தங்குவது கருத்தடை மாத்திரை. “அது மாவுக் கட்டி: அரச பகுப்பாய்வாளர் முடிவு” என்று தொடங்குங்கள். பிறகு வதந்தியை ஒரே ஒரு தடவை, ஒரு வரியில் சொல்லுங்கள். மீண்டும் உண்மையில் முடியுங்கள். யார் சொல்வது என்பதும் முக்கியம். தமிழ்க் குழுவில் முஸ்லிம் வந்து மறுத்தால் தன் ஆட்களைக் காப்பாற்றுகிறார் என்று தள்ளிவிடுவார்கள். தமிழர்தான் மறுக்க வேண்டும். முஸ்லிம் குழுவில், “தமிழர் ஊர்வலத்தில் நம்மைத் திட்டினார்கள்” என்று வந்தால் முஸ்லிம்தான். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த தமிழர் பேரணியில் கொரோனா உடல்களை எரிப்பதற்கு எதிரான கோரிக்கையும் இருந்தது, முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். இதை முஸ்லிம் குழுவில் ஒரு முஸ்லிம் நினைவூட்டுவதற்கு இருக்கும் பலம் வேறு.

முறைப்பாடு பற்றி ஓரிரு சொல். பத்திரிகையில் வந்தது என்றால் 2003இல் தொடங்கிய இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு, வெட்டிய செய்தியும் எது பிழை என்ற குறிப்பும் சேர்த்து எழுதலாம்; கட்டணம் இல்லை. அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் கேளுங்கள். சட்டத்தின் பக்கம் ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் பிரிவு உள்ள 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில்தான் அந்த ஹசலகப் பெண் விளக்கமறியலில் இருந்தார். தமிழில் கவிதை எழுதிய இளம் முஸ்லிம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில்தான் விடுதலையானார். தமிழ் தெரியாதவர்களின் கையில் தமிழ் வரிகள் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சாட்சி. அன்று தமிழ் எழுத்தாளர்கள் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும்.

கடைசியாக, தவணைப் புத்தகம், அதாவது வழக்குத் திகதிகளைக் குறித்து வைக்கும் புத்தகம். கைது முன்பக்கத்தில் வருகிறது. விடுதலை வருவதே இல்லை, அல்லது உள்ளே நாலு வரி. இனப்பெயரோடு ஒரு கைதுச் செய்தி போட்டால், அன்றைக்கே ஒரு புத்தகத்தில் நீதிமன்றம், வழக்கு இலக்கம், அடுத்த தவணைத் திகதி மூன்றையும் எழுத வேண்டும். தவணைக்கு மறுநாள் நிருபர் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு எடுக்க வேண்டும். விடுதலை என்றால் கைது வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். குழுக்களுக்கும் இதே கணக்குத்தான். குருநாகல் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் 4,000 பெண்களுக்கு மலடாக்கும் சிகிச்சை செய்தார் என்று 2019 மே 23இல் ஒரு சிங்கள நாளிதழ் எழுதியது தமிழிலும் சுற்றியது. ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. 2022இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவையும் அவர் மருந்துத் தட்டுப்பாட்டு வேளையில் மருந்து வாங்கக் கொடுத்தார். அன்று அந்தக் கதையை அனுப்பியவர் இன்றும் குழுவில் இருந்தால், அவரே இப்படி எழுதலாம்: “2019 மே மாதம் டொக்டர் ஷாபியைப் பற்றி நான் இங்கே அனுப்பியது பிழை. ஆதாரம் இல்லை என்று பொலிஸாரே கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அவர் திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டார். அன்று என்னிடமிருந்து வேறு ஆக்களுக்கு அனுப்பியவர்கள் இதையும் அனுப்பிவிடுங்கோ.”